துணை ஷெரிப் ஹிராம் டோட்டின் சகலன்

கணேசலிங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் துணை ஷெரிப். மற்ற ஆறு நாளும் கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் அச்சகம் வைத்து மரண அறிவித்தல் அடிப்பவர். இரண்டு வேலைக்கும் ஒரே கறுப்புக் கோட்டுப் போதுமாக இருந்தது என்பதைத் தவிர, அவற்றுக்கிடையே வேறு தொடர்பு இருப்பதாக அவர் நினைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை உத்தியோகம் தற்செயலாகக் கிடைத்தது. பத்து வருடங்களுக்கு முன், ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த தேவாலய மண்டபத்தில் கூடும் ‘மேற்கெல்லைக் காவலர் நினைவுக் கழகம்’ என்ற அமைப்புக்குத் துண்டுப் பிரசுரம் அடித்துக் கொண்டுபோனார். உள்ளே முப்பது நாற்பது பேர் அகலத் தொப்பியும் தகர நட்சத்திரமுமாக நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ விளையாட்டாக ஒரு தொப்பியை எடுத்து அவர் தலையில் வைத்தார். அது பொருந்திவிட்டது. லண்டனுக்கு வந்த இருபத்தைந்து வருடத்தில் அளவெடுக்காமலே அவருக்குப் பொருந்திய முதல் பொருள் அதுதான் என்பதால், கழற்ற மனம் வரவில்லை.

கழகத்தில் யாரும் சுடுவதில்லை. காப்புறுதி நிறுவனம் அனுமதிக்காது. அவர்கள் செய்வது வேறு. அமெரிக்காவின் மேற்கு எல்லை ஊர்களில் நூறு, நூற்றைம்பது வருடங்களுக்கு முன் கடமையில் கொல்லப்பட்ட காவலர்களில் ஆளுக்கொருவரைத் தத்தெடுப்பார்கள். அவர் பிறந்தது, கட்டியது, செத்தது எல்லாவற்றையும் தேடி எழுதுவார்கள். அவர் கடமையில்தான் செத்தார் என்று கழகத்துக்கு நிரூபித்துவிட்டால், மண்டபத்துச் சுவரிலுள்ள ஓக் பலகையில் அவர் பெயருக்கு ஒரு பித்தளை நட்சத்திரம் ஏறும். மே மாதக் கடைசி ஞாயிறு நினைவு நாள். அன்று பலகையிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். செத்தவருக்குப் பதிலாகத் தத்தெடுத்தவர் எழும்பி நின்று ‘பிரசன்ட்’ சொல்வார். பிறகு வெள்ளரிக்காய் சாண்ட்விச்.

பலகையில் நாற்பது நட்சத்திரத்துக்குக் குழி செதுக்கப்பட்டிருந்தது. முப்பத்தொன்பது நிரம்பிவிட்டது. செதுக்கிய உறுப்பினர் காலமாகிவிட்டார், அதுவும் கடமையில் அல்ல. ஆக, மிச்சமிருந்தது ஒரே ஒரு குழி.

கணேசலிங்கம் தத்தெடுத்தவர் பெயர் ஹிராம் டோட். நியூ மெக்சிகோப் பிரதேசத்தில், இன்றைக்கு எந்த வரைபடத்திலும் இல்லாத சோல்ட் வெல்ஸ் என்ற ஊரில் துணை ஷெரிப். பிள்ளைகுட்டி இல்லை. 1884 ஜூன் மாதம் செத்தார். பிறந்த இடம், பெற்றோர், மனைவி பெயர் தவிர, அவருடைய முப்பத்தொரு வருட வாழ்க்கையைப் பற்றி உலகத்தில் எஞ்சியிருந்தது உள்ளூர்ப் பத்திரிகையின் மூன்று வரி மட்டுமே. ஞாயிறு காலை ஊர்க்கோடிப் பாழுங்கிணற்றில் இறந்து கிடந்தார். முதல்நாள் அளவுக்கு மீறிக் குடித்திருந்ததாகத் தெரிகிறது. நெஞ்சில் நட்சத்திரம் குத்தியிருந்தது.

மூன்று வருடமாகக் கணேசலிங்கம் இந்த மூன்று வரியைத்தான் வெவ்வேறு எழுத்துருவில் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தத்தெடுப்புக்குக் கெடு மூன்று வருடம். அது இந்த நினைவு நாளோடு முடிகிறது.

ஏப்ரல் கடைசியில் செயற்குழு கூடியது. கழகத்தின் பதிவேடுகளுக்குப் பொறுப்பானவர் வாசுதேவன். கோயம்புத்தூர்க்காரர். சிட்டியில் காப்புறுதி நிறுவனமொன்றில் இழப்பீட்டு விண்ணப்பங்களை ஆராய்பவர். ஒவ்வொரு ஞாயிறும் கிங்ஸ்பரியிலிருந்து லண்டனைக் குறுக்கே கடந்து வந்து, வாரம் முழுக்கச் செய்த வேலையையே தொப்பி போட்டுக்கொண்டு செய்வார். முப்பத்தொன்பது காவலர்களை அவர் ஏற்றுக்கொண்டிருந்தார். அறுபத்திரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தார். பாம்பு கடித்துச் செத்த ஒருவரின் கோப்பில், கடித்த நேரத்துக்கும் ஷிப்ட் முடிந்த நேரத்துக்கும் நாற்பது நிமிட வித்தியாசம் இருந்ததால் அவரை இரண்டாம் முறையும் சாகடித்தவர் என்று பெயர்.

“சார், உங்க ஃபைலை மூணு தடவை படிச்சேனுங்க,” என்றார் வாசுதேவன். “ஞாயித்துக்கெழம. குடிபோதை. பாழுங்கிணறு. மூணுமே நமக்கு ஒத்துவராதுங்களே.”

“பேப்பரிலை போட்டா உண்மையோ? நான் இருபத்தாறு வருசமாப் பேப்பருகளுக்கு அடிச்சுக் குடுக்கிறன். எனக்குத் தெரியாதோ?”

“அப்ப உண்மை எதுன்னு சொல்ற பேப்பர் ஒண்ணு குடுங்க.”

“நெஞ்சிலை நட்சத்திரம் குத்தியிருந்தது எண்டு அதிலைதானே கிடக்கு. லீவிலை நிக்கிறவன் ஏன் தம்பி நட்சத்திரம் குத்துறான்?”

“நீங்க இப்ப குத்தியிருக்கீங்களே சார். டியூட்டியிலயா இருக்கீங்க?”

கணேசலிங்கம் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். அங்கே நட்சத்திரம் பளபளவென்று எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

கழகத் தலைவர் கிரஹாம் தொண்டையைச் செருமினார். ஓய்வுபெற்ற எரிவாயுக் குழாய்க்காரர். எல்லோரும் ‘மார்ஷல்’ என்றே கூப்பிடுவார்கள். மேற்கில் பிரிஸ்டலைத் தாண்டிப் போனதில்லை. அவரிடம் தயாராக இன்னொரு காவலர் இருந்தார். கைதியை அழைத்துக்கொண்டு போகும்போது கோவேறு கழுதை உதைத்து இறந்தவர்.

“ஆவணம் எல்லாம் முழுமையாக இருக்கிறது,” என்றார் மார்ஷல் ஆங்கிலத்தில், மிகுந்த பணிவோடு. “கழுதையின் பெயர்கூட.”

“கழுதைக்கு மூணு சாட்சி இருக்குங்க சார்,” என்றார் வாசுதேவன். “அதுல ஒருத்தர் நீதிபதி.”

“அப்ப என்ரை ஆளை விடக் கழுதைக்கு மரியாதை கூட.”

“மரியாதை கூட இல்லீங்க. டாக்குமெண்ட் கூட.”

முடிவு இதுதான்: நினைவு நாளுக்குள் புதிய சான்று வந்தால் ஹிராம் டோட். வராவிட்டால் கடைசிக் குழி கழுதையிடம் உதைபட்டவருக்கு. வாசுதேவன் கோப்பின் முகப்பில் ஒரு முத்திரை குத்தி, அது காயும்வரை ஊதி, மூடிக் கொடுத்தார். ‘நிரூபிக்கப்படவில்லை.’

அந்தச் சொல் கணேசலிங்கத்துக்கு முன்பே பழக்கம். 1990 இல், லண்டனில் புகலிடம் கேட்டபோது, ஓர் அலுவலகம் அவருக்கு எழுதிய முதல் கடிதத்தில் அது நான்கு இடத்தில் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வீதியில் வைத்துத் தன்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று அவர் சொல்லியிருந்தார். அதற்கு ஆதாரம் கேட்டிருந்தார்கள். பிடித்துக்கொண்டு போனவர்கள் ரசீது தந்திருக்கவில்லை. இரண்டு வருடம் மேன்முறையீடு செய்துதான் தன் கதை தனக்கு நடந்ததுதான் என்பதை அவர் சட்டப்படி நிலைநாட்ட முடிந்தது. அந்தக் கடிதம் இன்னும் வீட்டில், பாஸ்போர்ட்டுகள் வைக்கும் பெட்டிக்குள் இருந்தது. உயிரோடிருந்தவன் வாயைத் திறந்து சொல்லியே அவ்வளவு பாடு. கிணற்றுக்குள் கிடப்பவன் என்ன செய்வான் என்று யோசித்துக்கொண்டே அவர் வீட்டுக்கு நடந்தார். தொப்பியைக் கழற்ற மறந்துபோனதால் வழியில் இரண்டு பேர் அவரைப் படம் எடுத்தார்கள்.

“இஞ்சாருங்கோ, முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு?” என்றாள் மனைவி ஷோபா. “அமெரிக்காவிலை ஆரும் செத்திட்டினமோ?”

“ஓம். திருப்பிச் செத்திட்டான்.”

“நூற்றி நாப்பது வருசமாச் செத்துக்கொண்டே இருக்கிறார் அந்த மனுசன். ஒருக்கா ஒரு அறிவித்தலை அடிச்சு ஆளை அனுப்பிவிடுங்கோவன். எல்லாருக்கும் அடிக்கிறியள்.”

அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். கணேசலிங்கம் அதை வேலைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை அச்சகத்தைத் திறந்ததும் கணினியில் வழமையான பக்கத்தை எடுத்தார். யாழ்ப்பாணத்து மரண அறிவித்தல் என்பது சும்மா ஒருவர் செத்த செய்தி அல்ல. செத்தவரை நடுவில் வைத்து, அவருக்கு யார் யார் என்ன முறை என்று ஒரு ஊரையே சுற்றி நிறுத்துகிற வேலை. இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் அன்பு மருமகன், இன்னாரின் கணவர், தந்தை, சகோதரர், மைத்துனர், சகலன், பெரியப்பா, சித்தப்பா, பேரன். ஒரு முறை இல்ஃபோர்ட்டிலிருந்த வாடிக்கையாளர் ஒருவரின் அறிவித்தலில் மனைவியின் தங்கை புருஷனான சகலனின் பெயர் தவறிப்போனது. விடுபட்ட சகலன் செத்தவீட்டுக்கு வரவில்லை, நேரே அச்சகத்துக்கு வந்தார். வாசலில் ஒரு கதிரையைப் போட்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். அன்று கணேசலிங்கம் தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்: எந்த வரியும் காலியாக இருக்கும்போது அறிவித்தல் அச்சுக்குப் போகாது.

‘மிசூரியைப் பிறப்பிடமாகவும், சோல்ட் வெல்ஸை வதிவிடமாகவும் கொண்ட துணை ஷெரிப் ஹிராம் டோட் அவர்கள்’ என்று அடித்தார். பெற்றோர் பெயர் இருந்தது. சகோதரர் இல்லை. மனைவி பெயர் லுசிண்டா. ஆகவே ‘லுசிண்டாவின் அன்புக் கணவரும்’. அதற்கு அடுத்த வரிக்கு வந்தபோது விரல் நின்றது. ‘அன்புச் சகலனும்.’

யாருடைய சகலன்?

மூன்று வருடமாக டோட் என்ற பெயரைத்தான் அவர் தேடியிருந்தார். கழகத்தில் எல்லோரும் அப்படித்தான் தேடுவார்கள். ஆளின் பெயர், ஆளின் பிள்ளைகளின் பெயர். பிள்ளை இல்லாவிட்டால் ஆள் அத்தோடு முடிந்தார். ‘விதவை ஊரை விட்டுப் போனார்’ என்று அவரே கோப்பில் எழுதி முற்றுப்புள்ளி வைத்திருந்தார். விதவை எங்கே போயிருப்பாள் என்று கேட்கவில்லை. முப்பது வயதில் புருஷனைப் பறிகொடுத்தவள், தாய்தகப்பன் இல்லாதவள், எங்கே போவாள்? கூடப்பிறந்தவள் வீட்டுக்குத்தான். இருபத்தாறு வருடமாக இந்த வரியை அடித்துப் பிழைத்தவருக்கு இது தெரிய மூன்று வருடமா பிடித்தது என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

மகள் கோசிகாவுக்குப் போன் போட்டார். அவள் மருந்தாளர். மத்தியான இடைவேளையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்பா, ஐ ஆம் ஈட்டிங்.”

“சாப்பிடுங்கோ. சாப்பிட்டுக்கொண்டு அமெரிக்காவின்ரை பழைய சென்சஸைப் பாருங்கோ. லுசிண்டா டோட். வீட்டுக்காரருக்கு என்ன முறை எண்டு ஒரு கட்டம் இருக்கும். அதிலை மச்சாள் எண்டு போட்டிருக்கோ பாருங்கோ.”

“அப்பா, ஹி இஸ் லிட்ரலி ஒரு ராண்டம் கவ்பாய்.”

“அவருக்குச் சகலன் இருக்கிறார் பிள்ளை. சகலன் இருக்கிறவன் எப்பிடி ராண்டம் ஆவான்?”

பதினெட்டு நிமிடத்தில் அவள் திருப்பி அழைத்தாள். குரல் மாறியிருந்தது. “அப்பா. கான்சாஸ், 1900. ஆம்ப்ரோஸ் கீல் வீட்டில லுசிண்டா இருக்கிறா. சிஸ்டர் இன் லோ எண்டு இருக்கு. அவவின்ர அக்காவைத்தான் அவர் மரி பண்ணியிருக்கிறார். ஏழு பிள்ளையள். அண்ட் அப்பா, ஆம்ப்ரோஸ் சவப்பெட்டி செய்யிற ஆள். முதல் எங்க இருந்தவர் தெரியுமா? சோல்ட் வெல்ஸ்.”

கணேசலிங்கம் அந்தக் காலி வரியில் ‘ஆம்ப்ரோஸ் கீலின்’ என்று அடித்தார். பிறகு ஏழு பிள்ளைகளின் பெயரையும் கேட்டு வாங்கி இன்னொரு வரி சேர்த்தார். மனைவியின் அக்கா பிள்ளைகள், அதாவது பெறாமக்கள். பிள்ளை இல்லாமல் செத்த ஹிராம் டோட்டுக்கு ஒரே மத்தியானத்தில் ஏழு பேர்.

கீல் குடும்பத்தில் கான்சாஸிலேயே மிஞ்சியிருந்தவர்களில் ஒருவர் மார்லீன், ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆம்ப்ரோஸின் மகனுடைய பேத்தி. கோசிகா மின்னஞ்சல் அனுப்பி ஒழுங்குசெய்ய, கணேசலிங்கம் அச்சகத்திலிருந்து அவளோடு பேசினார். தான் லண்டனில் ஒரு தமிழர் என்றும், அவளுடைய பாட்டனாரின் தகப்பனுக்குச் சகலனான ஒருவரின் மரண அறிவித்தல் விஷயமாக எடுப்பதாகவும் சொன்னார்.

“எங்கள் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிக் கேட்டு வந்திருக்கிறார்கள்,” என்றாள் மார்லீன். “அவருடைய மனைவியின் தங்கையின் கணவரைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை.”

“எங்கள் பக்கத்தில் அதுதான் முதலில் கேட்போம்.”

“ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. யாருடையது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மூடியில் ‘எச்.டி.’ என்று கீறியிருக்கிறது. கேட்டு வருகிறவரிடம் கொடுக்கவும் என்று ஒரு சீட்டு. அதனால் வீசவும் இல்லை, திறக்கவும் இல்லை.”

மறுநாள், அவள் பெட்டியைத் திறந்து எடுத்த படம் வந்தது. கணேசலிங்கம் அதைப் பார்த்தார். அப்படியே கதிரையோடு பின்னால் நகர்ந்து சுவரில் முட்டினார். அன்றே வாசுதேவனுக்கு அனுப்பினார். ஒரு மணித்தியாலத்தில் பதில் வந்தது: ‘சார், ஸ்கேன் காப்பியை வெச்சு நான் வீட்டுக் கூரைக்குக்கூட க்ளெய்ம் குடுக்கறதில்லீங்க. ஒரிஜினல் வேணும்.’

மார்லீன் பெட்டியை அனுப்பிவிட்டாள். நினைவு நாளுக்கு இரண்டு நாள் முன், வெள்ளிக்கிழமை அது ஃபாரஸ்ட் கேட் வரை வந்தது. ஷோபா வீட்டில் இருக்கும்போதே ‘வீட்டில் ஆளில்லை’ என்று ஒரு சீட்டை எழுதிப் போட்டுவிட்டுக் கூரியர்காரன் போய்விட்டான். பெட்டியை எங்கே வைத்தேன் என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் கீறியிருந்தான்.

ஷோபா அப்போதுதான் களத்தில் இறங்கினாள். மூன்று வருடமாக அமெரிக்கக்காரனைப் பரிகாசம் பண்ணியவள், செருப்பை மாட்டிக்கொண்டு வீதியின் இரு பக்கமும் வீடு வீடாக மணி அடித்தாள். சனிக்கிழமை மத்தியானம் மூலையிலிருந்த கோழிப்பொரியல் கடையில், சோஸ் போத்தல்களுக்குப் பின்னால் பெட்டி அகப்பட்டது.

“எங்கட சொந்தக்காரரின்ரை சாமான்,” என்று அவள் கடைக்காரனிடம் சொன்னதாகப் பிறகு தெரிந்தது.

ஞாயிறு. மே மாதத்துக்குச் சற்றும் பொருத்தமில்லாத நல்ல வெயில். மண்டபத்தில் நாற்பது தொப்பிகள். பலகைக்கு முன்னால் ஒரு சின்ன மேசை. அதில் கடைசி நட்சத்திரம், பெயர் பொறிக்காமல். அருகில் பொறிக்கும் கருவியோடு பல் வைத்தியர் ஒருவர் தயாராக இருந்தார். கழகத்தில் கை நடுங்காதவர் அவர் ஒருவர்தான். மார்ஷல் கிரஹாம் கழுதைக் கோப்பை மடியில் வைத்திருந்தார். கோசிகா முன்வரிசையில், கையில் போனோடு. ஷோபா சேலையில், பக்கத்தில்.

வாசுதேவன் கையுறை மாட்டிக்கொண்டு தகரப் பெட்டியைத் திறந்தார். மூக்கைச் சுருக்கினார்.

“என்னங்க சார் வாசம்?”

“கோழி. அதைப் பதியாதேங்கோ. கான்சாஸிலை நூற்றி நாப்பது வருசம் பத்திரமா இருந்தது. இஞ்சை வந்து ஒரு நாள்தான் கெட்ட சகவாசம்.”

உள்ளே நான்காக மடித்த ஒரு தாள். பிடிவிறாந்து. 1884 ஜூன் 14, சனிக்கிழமை என்று தேதி. கால்நடை திருடிய லெமுவல் கிரைஸ் என்பவனைப் பிடித்து வரும்படி துணை ஷெரிப் ஹிராம் டோட்டுக்குக் கட்டளை. விரித்த தாளில் நான்கு ஓட்டைகள் இருந்தன.

வாசுதேவன் தாளைப் பழைய மடிப்பிலேயே மெதுவாகத் திரும்ப மடித்தார். நான்கு ஓட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து ஒரே ஓட்டையாயிற்று. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து அதற்குள் விட்டார். பென்சில் தங்குதடையில்லாமல் மறுபக்கம் வந்தது. மண்டபத்தில் யாரோ தொப்பியைக் கழற்றும் சத்தம் கேட்டது.

“குடிச்சிட்டுக் கெணத்துல விழுந்தா இப்பிடி ஓட்டை விழாதுங்களே,” என்றார் வாசுதேவன், தனக்குத்தானே போல.

“கூட ஒரு கடிதம் கிடக்கு. சகலன் எழுதினது. வாசியுங்கோ.”

வாசுதேவன் அதை ஆங்கிலத்தில் உரக்க வாசித்தார். ஆம்ப்ரோஸ் கீல் எழுதியிருந்தது இவ்வளவுதான். ஹிராமின் உடலை நான்தான் கழுவினேன். முதுகில் நுழைந்த குண்டு நெஞ்சுப் பைக்குள் இருந்த இந்தத் தாளைத் துளைத்து வெளியே போயிருக்கிறது. சாராய வாசனை இல்லை. அவன் குடிப்பவன் அல்ல, எங்கள் வீட்டில் காப்பிக்கே பயப்படுவான். கிரைஸைப் பிடிக்கத் தனியாகப் போனான், கூடப்போக யாரும் முன்வரவில்லை, நானும் போகவில்லை. சுட்டுவிட்டுக் கிணற்றில் போட்டார்கள். பத்திரிகை நடத்துபவன் கட்டியிருப்பது கிரைஸின் அக்காவை. எனக்கு ஏழு பிள்ளைகள். அதனால் இன்று வாயைத் திறக்க மாட்டேன். எழுதி வைக்கிறேன். கேட்டு வருகிறவரிடம் கொடுக்கவும்.

வாசித்து முடித்ததும் வாசுதேவன் கண்ணாடியைக் கழற்றினார். “ஏனுங்க சார். பேப்பர்க்காரன் கொலைகாரனுக்கு மச்சானா?”

“அக்கா புருசன். அத்தான் முறை.”

“அப்ப அந்தப் பேப்பரை நான் சாட்சியா எடுத்திருக்கவே கூடாதுங்களே.” அவர் சிவப்புப் பேனாவை எடுத்து, மூன்று வருடமாகக் கோப்பில் முதல் பக்கமாக இருந்த அந்த மூன்று வரியின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பிறகு பழக்கதோஷம் விடாமல் நிமிர்ந்தார். “ஒரே ஒரு கேள்விங்க. வாரண்ட் சனிக்கெழம. ஆள் கெடைச்சது ஞாயித்துக்கெழம. சனிக்கெழம சாயங்காலத்தோட ஷிப்ட் முடிஞ்சிருந்தா?”

முன்வரிசையில் ஷோபா எழும்பினாள். “தம்பி, பிடிக்கச் சொல்லிக் குடுத்த கடுதாசி அந்தாளின்ரை நெஞ்சுக்குள்ளை கிடந்தது. பிடிச்சு முடிஞ்சால்தானே வேலை முடியும்? நீர் கிங்ஸ்பரியிலை இருந்து இவ்வளவு தூரம் வந்து இதையோ கேக்கிறீர்?”

வாசுதேவன் யோசித்தார். சபை மொத்தமும் அவர் யோசிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது. “அதுவும் சரிதானுங்க அக்கா,” என்றார். மைப்பெட்டியைத் திறந்து, ‘நிரூபிக்கப்படவில்லை’ என்றிருந்ததன் மேலேயே, அது தெரியாதபடி அழுத்தி, மற்ற முத்திரையைக் குத்தினார். “கடமையின்போது கொல்லப்பட்டார்.”

கைதட்டல் கூரையில் போய் மோதியது. மார்ஷல் கிரஹாம் கழுதைக் கோப்பைத் தரையில் வைத்துவிட்டு முதல் ஆளாக எழும்பி நின்று தட்டினார். பல் வைத்தியர் பொறிக்க ஆரம்பித்தார். கடைசி நட்சத்திரத்தைப் பூட்டும் வேலை பதிவேட்டுப் பொறுப்பாளருக்கு என்பது விதி. வாசுதேவன் ஏணியில் ஏறித் திருகாணியைப் பிடித்துக்கொண்டு நிற்க, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டவர் கணேசலிங்கம்.

“நேராப் பூட்டுங்கோ தம்பி. கொஞ்சம் இடப்பக்கம்.”

“நேராத்தானுங்க இருக்கு.”

“நான் அச்சடிக்கிறவன். ஒரு நூல் சரிஞ்சாலும் எனக்குத் தெரியும். இடப்பக்கம்.”

இடப்பக்கம் போயிற்று.

பெயர் வாசிப்பு ஆரம்பமானது. முப்பத்தொன்பது பெயர், முப்பத்தொன்பது ‘பிரசன்ட்’. கடைசியில் மார்ஷல் புதிய நட்சத்திரத்தைப் பார்த்து, குரலைச் சற்று உயர்த்தி வாசித்தார். “துணை ஷெரிப் ஹிராம் டோட்.”

கணேசலிங்கம் எழும்பினார். மூன்று வருடமாகக் கண்ணாடிக்கு முன்னால் சொல்லிப் பார்த்த சொல்.

“பிரசன்ட்,” என்றார்.

கோசிகா போனைத் தூக்கிப் பிடித்தாள். கான்சாஸில் அப்போது காலைச் சாப்பாட்டு நேரம். மார்லீன் வீட்டுக் குசினியில் பதினொரு கீல்கள், பெரியவர்களும் குஞ்சுகுருமான்களும், கையில் கரண்டியோடும் இல்லாமலும் வரிசையாக நின்றார்கள்.

“பிரசன்ட்,” என்று பதினொரு குரல் சொன்னது.

ஒரு காவலருக்கு ஒருவர்தான் பதில் சொல்லலாம் என்பது நான்காம் விதி. எல்லோரும் வாசுதேவனைப் பார்த்தார்கள். வாசுதேவன் விதிப்புத்தகத்தைத் திறந்தார். நான்காம் பக்கத்தைப் பார்த்தார். மூடினார்.

“பன்னெண்டு பேர் வருகை,” என்று பதிவேட்டில் எழுதினார்.

சாண்ட்விச் மேசையில் அறிவித்தல் இருந்தது. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் கோசிகா போட்ட ஆங்கிலம். கறுப்புக் கரை, குத்துவிளக்குக்குப் பதிலாக நட்சத்திரம். ‘14-06-1884 சனிக்கிழமை கடமையின்போது காலமானார். அன்னார் லுசிண்டாவின் அன்புக் கணவரும், ஆம்ப்ரோஸ் கீலின் அன்புச் சகலனும்’ என்று தொடங்கி, ஏழு பெறாமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் என்று பக்கத்தின் அடிவரை ஆட்கள் நின்றார்கள். ஒரு வரியும் காலி இல்லை. தகவல் என்ற இடத்தில், வழக்கப்படி, குடும்பத்தினர் என்று போட்டிருந்தது. தொடர்புக்கு இரண்டு தொலைபேசி இலக்கங்கள்: மார்லீன், கான்சாஸ். கணேசலிங்கம், லண்டன்.

கழகத்தார் அதைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாக விரல் ஓட்டி வாசித்தார்கள். தங்கள் தங்கள் காவலர்களுக்கு எத்தனை வரி தேறும் என்று மனதுக்குள் எண்ணியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கணேசலிங்கம் அச்சகத்தைத் திறக்க வந்தபோது வாசலில் வரிசை நின்றது. முதல் ஆள் வாசுதேவன், வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கைக்குள் ஒரு கோப்போடு. அவருக்குப் பின்னால் பல் வைத்தியர், இரண்டு நூலகர்கள், இன்னும் நான்கைந்து தொப்பிகள். எல்லோருக்கும் பின்னால், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஒதுங்கி நின்றவர் மார்ஷல் கிரஹாம்.

கணேசலிங்கம் அவரை முன்னால் கூப்பிட்டார்.

“பலகையில் இடமில்லை, தெரியும்,” என்றார் மார்ஷல். “என் ஆளுக்கு ஓர் அறிவித்தலாவது போட முடியுமா? எல்லாத் தகவலும் கொண்டுவந்திருக்கிறேன். கழுதையின் பெயரும் இருக்கிறது.”

கணேசலிங்கம் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். கதிரையை இழுத்து மார்ஷலை உட்காரவைத்தார். கணினியில் காலிப் பக்கத்தை எடுத்து, கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டார்.

“கழுதைக்குப் பிறகு வருவம்,” என்றார். “முதலிலை சொல்லுங்கோ. சகலன் ஆர்?”